காணாமல் போன காலடிச் சத்தம்

பாதி ஆயுளை ஓடும் பேருந்தில் டிக்கெட் பரிசோதித்தே கழித்தவன் நான். ஒருவர் ஜன்னலில் வேடிக்கை பார்க்கிற விதத்தை வைத்தே அவரிடம் டிக்கெட் இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். இருக்கிறவர் வெளியே பார்ப்பார். இல்லாதவர் கண்ணாடியில் என்னைப் பார்ப்பார். தூங்குவதுபோல் நடித்த ஒருவரைக் குறட்டையில் சுருதி சேரவில்லை என்று பிடித்து, அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டிருக்கிறேன். அப்பேர்ப்பட்டவன் வீட்டு ஹாலிலேயே திருட்டு நடந்தால் எப்படி இருக்கும்? திருடு போனது நகை இல்லை, பாத்திரம் இல்லை. காலடிச் சத்தம்.

சிரிக்காதீர்கள். என் மகளின் பிழைப்பே காலடிச் சத்தம்தான்.

சினிமாவில் ஆட்கள் நடக்கிறார்கள், கதவைச் சாத்துகிறார்கள், நாற்காலியை இழுக்கிறார்கள். படம் பிடிக்கும்போது அந்தச் சத்தமெல்லாம் ஒழுங்காகப் பதிவாகாதாம். பிறகு ஒரு மூடிய அறையில் திரையைப் பார்த்துக்கொண்டே என் மகள் எல்லாவற்றையும் திரும்பச் செய்வாள். கதாநாயகி மணலில் நடந்தால் இவள் ஒரு தட்டு மணலில் நடப்பாள். அடியாளுக்கு எலும்பு முறிந்தால் இவள் மைக் பக்கத்தில் கேரட்டை ஒடிப்பாள். ஒரு சண்டைப் படம் முடிந்தால் எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக்குக் கேரட்தான்.

"நடக்கிறதுக்குச் சம்பளமா? அப்படின்னா எங்க தபால்காரர் இந்நேரம் மாளிகை கட்டியிருக்கணுமே!" என்றார் சம்பந்தி, சம்பந்தம் பேச வந்த அன்றே.

சம்பந்திக்குப் பூட்டுக்கடை. பூட்டு விற்று விற்று, உலகத்தில் பாதிப் பேர் திருடர்கள், மீதிப் பேர் பூட்ட மறந்தவர்கள் என்ற முடிவுக்கு வந்துவிட்டவர். இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தின் கனத்தில் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடப்பார். அவர் வீட்டுப் பின்பக்கம் ஒரு கார் ஷெட் உண்டு. கார் கிடையாது. ஆனால் ஷெட்டுக்கு மூன்று பூட்டு.

அந்த ஷெட்டைத்தான், கல்யாணமாகிக் கொஞ்ச காலம் கழித்து, என் மகள் கேட்டாள். மணல் தட்டு, கூழாங்கல், பழைய கதவு, கிழிந்த செருப்பு எல்லாவற்றையும் போட்டு வைத்து அங்கேயே வேலை செய்ய ஓர் இடம். மாமனார் யோசித்தார், சாவியைக் குலுக்கினார், கடைசியில் தீர்ப்புச் சொன்னார்.

"வேலைன்னா கண்ணுக்குத் தெரியணும், இல்லாட்டி காதுக்குக் கேக்கணும். நீ வேலை செஞ்ச படம் மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை சாயங்காலம் டீவில வருதுன்னு சொல்றியே. அதுல உன் வேலை என் காதுல விழட்டும். ஷெட் சாவியைக் குடுத்துடறேன். விழலைன்னா பேசாம என் சிநேகிதன் ஆபீஸ்ல போய் உக்காரு. நாற்காலி காலியா இருக்கு, கரண்ட் பில் போடற வேலை."

கரண்ட் பில்! மழை பெய்யும் சத்தத்தைப் பொரியும் எண்ணெயில் கண்டுபிடிக்கிற பெண் கரண்ட் பில் போடுவதா? நான் உடனே எழுந்து நின்று அறிவித்தேன்: "சம்பந்தி, எல்லாரும் எங்க வீட்டுக்கு வாங்க. சும்மா டீவியில பாக்க வேணாம். ஹோம் தியேட்டர் வாங்கறேன்!"

வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதினால் காகிதம் கருகிவிடும்.

பெட்டிகளை மாப்பிள்ளை கொண்டுவந்து இறக்கினார். டீவிக்குக் கீழே படுக்க ஒரு நீள ஸ்பீக்கர், மூலையில் குந்தியிருக்க ஒரு பெரிய பெட்டி, சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இரண்டு குட்டிகள். அதற்கென்று ஒரு ரிமோட் உண்டு. அதில் சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவுதான். மற்ற மந்திர தந்திரமெல்லாம் கைப்பேசியில் ஒரு செயலி வழியாக, வைஃபையில். செயலியை என் கைப்பேசியில் ஏற்றியதும் அது கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்கு மூக்கு வியர்த்தது. 'இந்தக் கருவி எந்த அறையில் இருக்கிறது? ஒரு பெயர் கொடுக்கவும்.'

"அது எதுக்கு அவனுக்கு? இன்னைக்கு ஹால்னு சொன்னா நாளைக்கு பீரோ எந்த ரூம்னு கேப்பான்," என்றேன்.

"மாமா, சும்மா அடையாளத்துக்குத்தான்."

"மாப்ள, எத்தனை பேர் என்கிட்ட 'சும்மா'ன்னு சொல்லியிருக்காங்க தெரியுமா? அத்தனை பேரும் டிக்கெட் இல்லாதவங்க. பேர் கிடையாது. தாண்டிப் போங்க."

தாண்டிப் போனோம். அந்தப் பெயரை வைக்காததன் பலனை எங்கே போய் அனுபவித்தேன் என்பதைத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அமைப்புகளை மகளே வந்து வைத்தாள். முதலில் படம். கடையிலிருந்து வந்த அமைப்பிலேயே இருந்த டீவி எல்லாரையும் மாப்பிள்ளை அலங்காரத்தில் காட்டியது. அதை 'சினிமா' என்ற அமைப்புக்கு மாற்றினாள். "என்னடி இது, எல்லாருக்கும் மஞ்சள் காமாலை வந்துடுச்சு!" என்று அலறினாள் என் மனைவி. "ரெண்டு நாள் பாரும்மா, அப்புறம் பழசைப் பாத்தா கண்ணு கூசும்," என்றாள் மகள். அடுத்து, அசைவை வழுவழுவென்று ஆக்கும் ஏதோ ஒன்றை அணைத்தாள். அது இருந்தால் எந்தப் படமும் மத்தியானத் தொடர் மாதிரி ஆகிவிடுமாம்.

பிறகு ஒலி. செயலியில் அதையும் 'சினிமா'வில் வைத்தாள். 'பேச்சுத் தெளிவு' என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டி விரலை ஆட்டினாள்.

"அப்பா, இதை மட்டும் தொடவே கூடாது. இதைப் போட்டா பேச்சை மட்டும் தூக்கி விட்டுட்டு மத்த எல்லாத்தையும் அமுக்கிடும். நான் போட்ட சத்தம் எல்லாம் போயிடும். நான் ராத்திரி பகலா நடந்தது வீண். 'சினிமா'வுலேயே இருக்கட்டும்."

"உன் உசிரு இதுல இருக்குன்னு சொல்லு," என்றேன்.

"ஷெட்டு இருக்குப்பா," என்றாள்.

சோதித்துப் பார்க்க ஒரு பென்டிரைவில் ஒரு துண்டுக் காட்சி கொண்டுவந்திருந்தாள். ஒரு பெண் மழையில் மாடிப்படி இறங்கி ஓடுகிறாள். ஆகா! மழை முன்னால் பெய்தது, படி பின்னால் இறங்கியது, ஈரச் செருப்பு என் காது மடலிலேயே சளக் சளக்கென்று மிதித்தது. மனைவி எழுந்து போய் கொடியில் இருந்த துணியை எடுத்து வந்தாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

இதுவரை எல்லாம் சுபம். சனியன் பக்கத்து வீட்டில் இருந்து வந்தது.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பல் டாக்டர். எங்கள் இரண்டு ஹாலுக்கும் நடுவே ஒரே சுவர்; இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே வைஃபை. இன்டர்நெட் கம்பெனிக்காரனை அவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. ஒருவர் ஏமாந்தால் இன்னொருவர் கண்டுபிடிக்கட்டும் என்ற ஏற்பாடு. ஊராரை வாயைத் திறக்கச் சொல்லியே வாழ்ந்தவர், தன் வாயை மட்டும் லேசில் திறக்க மாட்டார். என் பெட்டிகள் வந்திறங்கிய சில நாளில் லிஃப்டில் அதே பெட்டி, அதே படம், அதே நிறம்.

"உங்களைப் பாத்து வாங்கலை, செக்கர் சார். எனக்கு ரொம்ப நாளாவே யோசனை இருந்துச்சு," என்றார், நான் ஒன்றும் கேட்பதற்கு முன்பே. டிக்கெட் இல்லாதவர் இப்படித்தான் முந்திக்கொள்வார்.

அன்று சாயங்காலம் என் செயலியைத் திறந்தால், அதில் ஒன்றுக்கு இரண்டாக நிற்கிறது! ஒரே பெயர், ஒரே படம், மேலும் கீழுமாக இரண்டு வரி. ஒன்று என்னுடையது. இன்னொன்று? வேவு பார்க்க வந்த போலி! போலி டிக்கெட்டை எத்தனை பார்த்திருக்கிறேன். அசலைவிட அழகாக இருக்கும். இரண்டில் எது அதிகப் பளபளப்பாக இல்லையோ அதுதான் அசல் என்று முடிவுசெய்து, மற்றதை அழித்துவிட்டேன். 'நீக்கவா?' என்று கேட்டது. "நீக்கு!" என்று வாய்விட்டே சொன்னேன்.

மறுநாள் பென்டிரைவைப் போட்டேன். மழையில் பெண் ஓடினாள். காலே இல்லாதவள்போல் ஓடினாள். ஒரு சளக்கைக் காணோம். கடைசியில் அவள் "காப்பாத்துங்க!" என்று கத்தியது மட்டும் கோயில் ஒலிபெருக்கி மாதிரி காதைக் கிழித்தது.

நான் உடனே செயலியில் பார்த்தேன். 'பேச்சுத் தெளிவு' அணைந்தே இருந்தது. இருந்தும் சந்தேகத்தில் ஒருமுறை போட்டு, அணைத்து, 'இசை', 'விளையாட்டு', திரும்ப 'சினிமா' என்று எல்லா அமைப்பையும் சுற்றி வந்தேன். சொன்னால் நம்ப வேண்டும், ஒவ்வொன்றிலும் நுணுக்கமான வித்தியாசம் கேட்டது. 'இசை'யில் ஒரு குளுமை. 'விளையாட்டி'ல் ஒரு துள்ளல்.

"கேக்குதா? இப்ப ஆழம் கூடியிருக்கு பாரு," என்றேன் மனைவியிடம்.

"எல்லாம் ஒரே மாதிரிதாங்க இருக்கு."

"அதுக்குக் காது வேணும்."

"எனக்கு ரெண்டு இருக்கு. நீங்க பேசிப் பேசி அதுவும் தேஞ்சு போச்சு."

சரி, கருவிமேல் தப்பில்லை. அப்படியானால் கை யாருடையது? துப்புத் துலக்க உட்கார்ந்தேன்.

முதல் சந்தேகம் மனைவிமேல். மஞ்சள் காமாலை விஷயத்தில் மகளோடு மனத்தாங்கல் உள்ளவள். நீள ஸ்பீக்கரின் தலையில் லேசாக முகப் பவுடரைத் தூவி வைத்தேன். யார் தொட்டாலும் விரல் தடம் விழும். காலையில் அவளே வந்தாள். "ஏங்க, இதுமேல பவுடரைக் கொட்டி வெச்சிருக்கீங்களே, வயசானா கை நடுங்கும்னு சொல்லுங்க, நான் பூசி விடறேன்." துணியால் துடைத்து சாட்சியத்தையே அழித்துவிட்டாள். குற்றவாளி அவளாக இருந்தால் பெரிய கைகாரி. இல்லாவிட்டால் பெரிய சுத்தக்காரி. இரண்டில் எதையும் நிரூபிக்க முடியவில்லை.

அடுத்தது மாப்பிள்ளை. அப்பாவுக்குப் பயந்தவர். அப்பா சொல்லி இவர் உள்ளே புகுந்து மாற்றியிருக்கலாமே?

"மாப்ள, நேத்து சாயங்காலம் எங்க இருந்தீங்க?" என்று போனில் சாதாரணமாக விசாரித்தேன்.

"ஆபீஸ்ல, மாமா. ஏன்?"

"சும்மா."

"மாமா, 'சும்மா'ன்னு சொல்றவங்க எல்லாரும் டிக்கெட் இல்லாதவங்கன்னு நீங்கதான் சொன்னீங்க," என்றார். என் கத்தியை எடுத்து என்னையே குத்துகிற ஆள். இவரை முழுசாக விட்டுவிடவில்லை.

மூன்றாவது, சம்பந்தி. இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. ஏனென்றால் அவருக்கு என்மேல் ஏற்கெனவே ஒரு சந்தேகம். போன வருடம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அன்றைக்கே அவருடைய பழைய கறுப்பு ஷூ காணாமல் போய்விட்டது. தேய்ந்து, ஓரம் வாய் பிளந்து, பிச்சைக்காரனுக்குக் கொடுத்தால் அவன் அவமானப்படுகிற நிலையில் இருந்த ஷூ. அன்று முதல் என்னைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் என் காலைத்தான் பார்ப்பார். என்மேல் பழி தீர்க்க அவர் எதுவும் செய்வார். பூட்டுக்காரருக்குத் திறக்காத கதவு ஏது?

இதற்கு நடுவில் பல் டாக்டர் வேறு. கதவைத் தட்டினார். முகம் வேரோடு பல் பிடுங்கியதுபோல் இருந்தது.

"செக்கர் சார், உங்க வீட்டுல குண்டு கிண்டு போடறீங்களா? சுவரெல்லாம் அதிருது."

"டாக்டர், என் வீட்டுல ஒரு செருப்புச் சத்தம்கூடக் கேக்கலைன்னு நானே துக்கத்துல இருக்கேன்."

"என் செட்டும் சரியில்லை சார். செய்தி வாசிக்கிறவர் கிணத்துக்குள்ள நின்னு வாசிக்கிறாரு. விவாதம் கேட்டா, பேசறது புரியலை, மேசையைத் தட்டறது மட்டும் நெஞ்சுல இடிக்குது."

"புது ஸ்பீக்கர் டாக்டர், ஓடி ஓடித்தான் படியும்," என்று கடைக்காரன் எனக்குச் சொன்னதை அவருக்குச் சொல்லி அனுப்பினேன். போகும்போது எட்டி எட்டி என் ஹாலைப் பார்த்தார். பார்வையே சரியில்லை. அவரையும் பட்டியலில் நான்காவதாகச் சேர்த்துக்கொண்டேன்.

மகளிடம் மட்டும் மூச்சு விடவில்லை. அவள் கடைசி நேர வேலையில் வெளியூரில் இருந்தாள். "எல்லாம் சரியா இருக்குல்லப்பா?" என்று கேட்கும்போதெல்லாம், "பிரமாதம்! நேத்து சத்தம் கேட்டு, யார் வர்றாங்கன்னு வாசல்ல பூனை தேடிச்சு," என்று அளந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சம்பந்தி சாவிக்கொத்து முழங்க வந்தார். நான் கும்பிட்டேன், அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். அப்புறம் வாசலில் கழற்றிக் கிடந்த ஜோடிகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்வையிட்டார். தன் புது ஷூவைக் கழற்றி, யோசித்து, கையோடு உள்ளே எடுத்து வந்து சோபாவுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"இங்க யாரும் எடுக்க மாட்டாங்க, சம்பந்தி," என்றேன்.

"எடுத்தவங்களும் அப்படித்தான் சொல்லுவாங்க," என்றார்.

மகள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பயணக் களைப்பு, விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை திரைச்சீலையை இழுத்து மூடினார். படம் தொடங்கியது.

கதாநாயகன் பேசினான். அப்பப்பா, என்ன பேச்சு! அவன் நாக்கு அண்ணத்தில் ஒட்டுவதுகூடக் கேட்டது. ஆனால் அவன் நடந்தான், காற்றில் நடந்தான். கதவைச் சாத்தினான், கதவு பஞ்சால் செய்தது. கண்ணாடி டம்ளரைத் தரையில் வீசினான். அது பூ விழுவதுபோல் விழுந்து ஊமையாக உடைந்தது. மகள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் பேருந்தில் இருந்து குதித்திருப்பேன்.

"எங்கம்மா உன் வேலை?" என்றார் சம்பந்தி, அன்பாகவே. அன்பாகக் கேட்டதுதான் கொடுமை. "காதைத் தீட்டிக்கிட்டுதான் உக்காந்திருக்கேன். பேசறாங்க, பேசறாங்க. பேசறது நீ இல்லையே?"

"இல்ல மாமா. இன்னும்... பின்னாடி ஒரு காட்சி இருக்கு. வில்லன் நடந்து வர்றது. அதுல பேச்சே கிடையாது."

"பேச்சே இல்லைன்னா அப்ப என்ன கேக்கும்?"

"நான்தான் கேப்பேன், மாமா."

பேச்சே இல்லாத காட்சி! பேச்சை மட்டும் கேட்கவைக்கும் இந்தச் செட்டில் அது செத்த வீடாகத்தான் இருக்கும். கரண்ட் பில் நாற்காலி என் கண்முன் வந்து சுழன்றது. நல்லவேளை விளம்பரம் வந்தது. நான் கைப்பேசியோடு மூலைக்கு ஓடினேன். 'சினிமா'வை அமுக்கினேன், ஒன்றும் இல்லை. பேஸ் என்கிற அடிச் சத்தத்தை உச்சத்துக்குத் தள்ளினேன், ஒன்றும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மட்டும் ஏதோ குமுறியது. கடைசி அஸ்திரமாக 'சோதனை ஒலி' என்று ஒன்று இருந்தது. அமுக்கினேன்.

உய்ய்ய் என்று ஓர் ஊளை. என் ஹாலில் இல்லை. சுவருக்குப் பின்னால்.

நிறுத்தினேன், நின்றது. அமுக்கினேன், ஊளையிட்டது. கூடவே பல் டாக்டரும் ஊளையிட்டார்.

"ஏங்க," என்றாள் மனைவி நிதானமாக, "நீங்க இங்க அமுக்கறப்பல்லாம் அங்கதாங்க கத்துது."

நான் பேசிப் பேசித் தேய்ந்துபோன அதே காதுதான் கண்டுபிடித்தது. அதற்குள் வாசற்கதவு இடிபட்டது. பல் டாக்டர், கையில் கைப்பேசி, தலைமுடி நட்டமாக.

"யாரோ என் செட்டுக்குச் சூனியம் வெச்சிருக்காங்க! நான் 'பேச்சுத் தெளிவு' வெச்சா அது பாட்டுக்குச் சினிமாக் கொட்டகை மாதிரி இடிக்குது!"

"டாக்டர்," என்றேன், "உங்க செயலியில ரெண்டு வரி வந்துச்சா?"

"வந்துச்சு. ஒன்னு வேவு பாக்க வந்ததுன்னு அழிச்சுட்டேன்."

"நானும்."

"பேர் வெச்சிருந்தீங்களா?"

"பேரா? அவனுக்கு எதுக்கு நம்ம வீட்டு ரூம் பேரெல்லாம்?"

"அதையேதான் நானும் சொன்னேன்!" என்றார் டாக்டர், ஒரு நொடி பெருமையாக. அப்புறம் இருவருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. வேவுக்காரன் என்று அவர் அழித்தது அவருடைய செட்டை. நான் அழித்தது என்னுடையதை. இத்தனை நாளும் அவருக்கு வேண்டிய பேச்சையெல்லாம் என் வீட்டுக்கும், எனக்கு வேண்டிய இடியையெல்லாம் அவர் வீட்டுக்கும் ஒருவருக்கொருவர் ஊட்டிவிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். 'இசை'யில் நான் கேட்ட குளுமையைப் பற்றி இனி இந்த வீட்டில் யாரும் பேசக்கூடாது என்று அந்தக் கணமே சட்டம் போட்டேன். மனைவி அதை மதிக்கவில்லை, இன்றுவரை.

"அப்பா, விளம்பரம் முடியுது!" என்று கத்தினாள் மகள்.

"டாக்டர், அசையாதீங்க!" அவர் தோளைப் பிடித்து ஹாலுக்கு நடுவே நிறுத்தினேன். "உங்க கையிலதான் என் செட்டு இருக்கு. பேச்சுத் தெளிவை அணைங்க."

"அணைச்சாச்சு."

"சினிமாவைத் தொடுங்க. மெதுவா."

"வலிக்காது," என்றார், பழக்க தோஷத்தில். தொட்டார்.

திரையில் ஒரு நீண்ட வராந்தா. கதாநாயகன் மூச்சடக்கித் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான். வில்லனின் முகம் தெரியவில்லை. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு எங்கள் சோபாவுக்குப் பின்னால், இடது மூலையில் இருந்து—

டொக். கீச். டொக். கீச்.

மாப்பிள்ளை சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார். டீவி ரிமோட்டைத் தேடி அவர் கை தானாக நீண்டது. மனைவி வாசலைப் பார்த்தாள். டொக், கீச். வலது மூலைக்கு வந்தது. நின்றது. திரும்பியது. அந்த ஆளுக்கு நெஞ்சில் ஈரம் கிடையாது, எதையும் மறக்க மாட்டான், எல்லாக் கதவுக்கும் அவனிடம் சாவி உண்டு என்பதெல்லாம் அந்த இடது கால் கீச்சிலேயே தெரிந்தது. அவன் ஒரு வார்த்தை பேசாமலே என் முதுகில் வேர்வை வழிந்தது.

சம்பந்தி முதலில் பின்னால் திரும்பிப் பார்த்தார். அப்புறம் குனிந்து சோபாவுக்கு அடியில் கைவிட்டுத் தன் புது ஷூவைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் எழுந்தே விட்டார்.

"நிறுத்துங்க! அது... அது என் ஷூ!"

"உக்காருங்க சம்பந்தி, டீவியை எப்படி நிறுத்த முடியும்?"

"இடது கால். குதிகாலை ஊன்றப்ப கீச்சும். செருப்புத் தைக்கிறவரால... யாராலயும் அதைச் சரி பண்ண முடியலை. எனக்குத் தெரியாதா என் ஷூ?" என்னை முறைத்தார். என் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு மெதுவாக மருமகள் பக்கம் திரும்பினார்.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "மன்னிச்சுக்குங்க மாமா. நாப்பது ஜோடி போட்டு நடந்து பாத்துட்டேன். வில்லனுக்கு எதுவுமே ஒத்து வரலை. உங்க ஷூவைப் போட்டு ரெண்டு அடி வெச்சதும், டைரக்டரே பயந்துட்டார். அதுக்கப்புறம் திருப்பிக் குடுக்க தைரியம் வரலை."

"அப்ப நீ... இப்ப நடக்கறது நீயா?"

"நான்தான், மாமா. உங்களை மாதிரியே ஒரு பக்கம் சாஞ்சு நடந்தேன். அதான் ஒரு கால் கனமா விழுது."

டொக், கீச். அந்த நடை வராந்தாவின் கடைசிக்குப் போய்த் தேய்ந்தது. மாப்பிள்ளைதான் வாயைத் திறந்தார், சின்னப் பையன் குரலில்.

"அப்பா, ஸ்கூல் படிக்கறப்ப வாசப்படியில இந்தச் சத்தம் கேட்டதும் டீவியை அணைச்சுட்டுப் புஸ்தகத்தைத் தூக்குவேன். இப்பவும் கை அதுவா ரிமோட்டுக்குப் போச்சுப்பா."

சம்பந்தி உட்கார்ந்தார். முகத்தில் கோபம் வருமா சிரிப்பு வருமா என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் அனுபவசாலி, எனக்கே தெரியவில்லை.

"வில்லனுக்கா போட்டே?" என்றார் கடைசியில். "ஹீரோவுக்குப் போட்டிருக்கலாமில்ல?"

"ஹீரோதான் மாமா பயப்படணும்."

அதை அவர் வாயில் போட்டு மென்று பார்த்தார். பிடித்திருந்தது என்பது மீசை ஆடியதில் தெரிந்தது. "அந்தப் பையன் நடுங்கினான்தானே? நல்லா நடுங்கினான். மறுபடி எப்ப வரும்?"

"கிளைமாக்ஸ்ல படி ஏறுவீங்க, மாமா."

"ஏறுவேனா!" என்று நிமிர்ந்தவர் பல் டாக்டரைப் பார்த்து அதட்டினார். "யாருங்க நீங்க? கையை ஆட்டாம நில்லுங்க. ஏதாவது மாறிடப் போகுது."

டாக்டர் பாவம், படம் முடிகிற வரை ஹாலுக்கு நடுவே சிலையாக நின்றார். நாற்காலி கொடுத்தும் உட்கார மறுத்துவிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் தொட்டதற்கு யாரும் அலறவில்லையாம்.

படம் முடிந்ததும் சம்பந்தி கேட்டார்: "சரி, என் ஷூ இப்ப எங்கம்மா?"

"ஒரு அட்டைப்பெட்டியில போட்டுக் கட்டிலுக்கு அடியில வெச்சிருக்கேன், மாமா. பத்திரமா வைக்க எனக்குன்னு ஒரு இடம் இருந்தா..."

சாவிக்கொத்து குலுங்கியது. ஒவ்வொரு சாவியாக நகர்த்தி, மூன்றைக் கழற்றி, அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் விரலை மூடுவதற்குள் சொன்னார்: "டூப்ளிகேட் என்கிட்ட இருக்கும். தெரிஞ்சுக்கோ."

"இருக்கட்டும் மாமா. நீங்க வந்தா சத்தம் கேக்குமே."

இரண்டு செட்டுக்கும் இன்னும் பெயர் வைக்கவில்லை. யார் எதற்குக் கேட்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது அல்லவா? எனக்கு அடிச் சத்தம் வேண்டுமென்றால் சுவரில் ஒரு தட்டு. டாக்டருக்குச் செய்தி வேண்டுமென்றால் இரண்டு தட்டு. இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு உலகத்தில் கிடையாது.

ஒன்றே ஒன்றுதான் உறுத்துகிறது. இன்று காலை நடைக்குக் கிளம்பினால் என் ரப்பர் செருப்பைக் காணோம். வீடு முழுக்கத் தேடிவிட்டேன். "எனக்குத் தெரியாது" என்கிறாள் மனைவி, நான் கேட்பதற்கு முன்பே. மகளுக்குப் போன் போட்டு, "அடுத்து என்ன படம்மா?" என்று சாதாரணமாக விசாரித்தேன்.

"காமெடிப் படம்பா," என்றாள். "ஏன் கேக்கறீங்க?"

"சும்மா," என்றேன்.